கஞ்சி மூட்டைகளும் கையிருப்பு அறிக்கையும்

1964 டிசம்பர் 28, திங்கட்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். இரவு மழை இல்லை. மேற்கே மலை முழுக்க மேகம். சுபுஹுத் தொழுகை முடிந்து வீட்டில் ஒரு கோப்பைத் தேயிலைத் தண்ணீர். ஆறே முக்காலுக்குக் கடையைத் திறந்தேன். தராசுத் தட்டுகளைத் துடைத்தேன். விலைப் பலகையில் முந்தின நாள் எழுதியதை ஈரத்துணியால் அழித்துவிட்டு, சாக்குக்கட்டியால் அதே விலையை மறுபடி எழுதினேன். பல வாரங்களாக அதே விலைதான். அது நான் வைத்த விலை அல்ல, சந்தை வைத்த விலையும் அல்ல, சர்க்கார் வைத்தது. மாறாத ஒன்றை எதற்கு தினமும் அழித்து எழுதுகிறீர்கள் என்று என் மச்சான் கேட்பார். பலகையில் அன்றன்றைய விலையை எழுதவேண்டும் என்பது உத்தரவு. எழுதினேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தென்காசிக் கடைத்தெருவில் அரிசிக் கடை. லைசென்ஸ் என் பெயரில். மச்சான் என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கடையம், வாசுதேவநல்லூர்ப் பக்கம் போய் விவசாயிகளிடம் நெல் பேசி, ஆலையில் அரைத்துக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. விற்பதும், பதிவேடு எழுதுவதும், தாசில்தார் அலுவலகத்துக்குக் கையிருப்பு அறிக்கை கொடுப்பதும் என் பொறுப்பு.

ஏழு மணிக்கு முன்பே வாசலில் முப்பது பேர் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு படி என்று வைத்திருந்தேன். ஒன்பதரைக்கு அன்றைக்கு வெளியே எடுத்து வைத்திருந்த மூட்டைகள் தீர்ந்தன. வரிசையில் இன்னும் பன்னிரண்டு பேர். முன்னால் நின்ற அம்மாள் வெறும் பையை உதறிக் காட்டினாள்.

"என்ன பாய், பலகையில விலை எழுதியிருக்கீரே, அரிசி எங்க? விலையவா அள்ளிக்கிட்டுப் போயி உலையில போட?"

வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அவள் சிரிக்கவில்லை.

விலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இன்றும் அது மாறவில்லை. அரிசி எங்கே குறைகிறதோ அங்கே விலை ஏறும். விலை ஏறிய இடத்துக்கு அரிசி போகும். போய்ச் சேர்ந்ததும் விலை இறங்கும். இதைச் செய்ய யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. லாபம் தேடுகிற பத்து வியாபாரிகள் போதும். அந்த வருடம் சர்க்கார் இரண்டு இடத்தில் குறுக்கே நின்றது. ஒன்று, விலைக்கு உச்சவரம்பு. இரண்டு, புளியரையில் சோதனைச் சாவடி. அதைத் தாண்டிக் கேரளத்துக்கு ஒரு மூட்டை போகக்கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் அரிசி என்ன விலைக்குப் போகிறது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். விவசாயிக்கும் தெரியும். ஆகவே அவன் நெல்லைக் குதிரில் வைத்துக்கொண்டு, "பொங்கல் கழியட்டும் அண்ணாச்சி" என்று மச்சானைத் திருப்பி அனுப்பினான். பலகையில் மலிவான விலை இருந்தது. கடையில் அரிசி இல்லை.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஆலிம்சாவிடம் இதை அடிக்கடி வாதிடுவேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். குரல் உயர்த்தாமல் பேசுவார். நான் எப்போதும் எடுத்துச் சொல்வது ஒரே சம்பவம்: மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் போய், விலையைக் கட்டுப்படுத்தித் தரும்படி நபிகளாரிடம் கேட்டார்கள். நபிகளார் மறுத்துவிட்டார்கள், விலை அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று. "இதை யாராவது மெட்ராசுக்கு எழுதிப் போடக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுதிப் போடலாம்," என்றார் ஆலிம்சா. "தானியத்தப் பதுக்குறவன் பாவம் செய்யுதான்னு வந்திருக்கே, அதையும் சேத்து எழுதணும். நீங்க ஒரு பக்கத்த மட்டும் மடிச்சு வச்சிருக்கீக."

"நான் பதுக்குறதில்லயே."

"உங்களச் சொல்லல. அடுத்த பக்கத்தச் சொல்லுதேன்."

நான் பதுக்கியதில்லை என்பது உண்மை. விலை ஏறட்டும் என்று ஒரு மூட்டையைக்கூட நான் நிறுத்தி வைத்ததில்லை. சர்க்காரின் சட்டத்துக்குப் பயந்து அல்ல. அது ஹராம் என்பதால்.

இனி அந்த மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரமலான் மாதம் முப்பது நாளும் பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். நோன்பு வைத்தவர், வைக்காதவர், பக்கத்துத் தெருக்காரர் என்று யார் பாத்திரத்தோடு வந்தாலும் கிடைக்கும். அதற்கான அரிசியை ஊரார் நேர்ச்சையாகக் கொடுப்பார்கள். பள்ளிவாசலில் வைக்க இடம் இல்லாததால், என் அத்தா காலத்திலிருந்து கடையை ஒட்டிய எங்கள் சரக்குக் கிட்டங்கியின் பின்னறையில்தான் அந்த மூட்டைகள் இருக்கும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பின்பக்கச் சந்தில் கதவு தாழிடாமல் இருக்கும். கொண்டுவருகிறவர் உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவார். யார் கொடுத்தது என்று கேட்பதில்லை; எழுதுவதில்லை. எண்ணுவதும் இல்லை, எண்ணினால் பரக்கத், அதாவது இறைவன் தரும் பெருக்கம், போய்விடும் என்பார்கள். இலத்தூர் விவசாயி ஒருவர், பிள்ளைமார் வீட்டுக்காரர், வருடந்தோறும் ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போவார் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியும். ஒரு முறை சந்தில் எதிரே பார்த்தபோது அவர் என்னைப் பார்க்காதது போலப் போனார். நானும் அப்படியே போனேன்.

கையிருப்பு அறிக்கையில் என் கடையின் மூட்டைகளை, ஒரு கிலோ பிசகாமல் எழுதினேன். பின்னறை மூட்டைகளை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று விட்டது அல்ல. எழுத வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கொடுத்த நிமிடமே அது அல்லாஹ்வுடையது. அதை அரிசி வியாபாரியின் சரக்கு என்று ஒரு படிவத்தில் எழுதுவது, தொழுகைப் பாயைக் கடைச் சாமானில் சேர்ப்பது போல எனக்கு இருந்திருக்கும்.

பதினொன்றேகாலுக்கு ஜீப் வந்து நின்றது. சிவில் சப்ளை அதிகாரி ஒருவர், இரண்டு பியூன்கள். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, காலில் செருப்பு இல்லை. மார்கழி விரதம் என்று பின்னால் தெரிந்தது. குற்றாலம் பயணியர் விடுதியில் தங்கி, புளியரை வழியாகப் போகிற அரிசியைப் பிடிக்க வந்திருந்தார். என் பதிவேட்டைப் பார்த்தார். முன்னறை மூட்டைகளை எண்ணினார். ஒன்றும் பிசகவில்லை.

"எழுத்து முத்து முத்தா இருக்கு பாய்," என்றார். அவர் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு அல்ல. "பின்னால என்ன அறை?"

"பள்ளிவாசல் அரிசி சார். நோன்புக் கஞ்சிக்கு."

"அறிக்கையில இல்லையே."

"அது என் சரக்கு இல்ல சார்."

அவர் கதவைத் திறக்கச் சொன்னார். ஓலைப்பாயை விலக்கி, பியூன்கள் ஒவ்வொரு மூட்டையாக வெளியே இழுத்தார்கள். ஒருவர் சத்தமாக எண்ணினார். என் கண் எண்ணிக்கையில்தான் இருந்தது. ஏனென்றால், எண்ணக்கூடாது என்ற வழக்கத்தை நான் முழுதாகக் கடைப்பிடித்தவன் அல்ல. எதையும் எண்ணாமல் கடந்து போக எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை அறையைப் பூட்டும்போது கண்ணால் எண்ணினேன். நாட்குறிப்பில் பதினொன்று என்று ஒரு மூலையில் எழுதினேன். அந்த வருடம் வரவேண்டியது வந்துவிட்டதென்று சந்துக் கதவை அன்றே உள்ளே தாழிட்டாயிற்று. அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து வைக்க வழியில்லை.

"பதினஞ்சு சார்," என்றார் பியூன்.

மூட்டை வாய்களைப் பார்த்தேன். வீடுகளிலிருந்து வருகிற மூட்டைகளை நாங்கள் கோணி ஊசி கொண்டு தைப்பதுபோல் தைத்திருக்க மாட்டார்கள், கட்டியிருப்பார்கள். ஒரு வீட்டில் வாழைநார், ஒரு வீட்டில் பழைய கயிறு, ஒரு வீட்டில் கிழிந்த சேலைக் கரை. முடிச்சும் ஆளுக்கு ஒரு விதம். அந்தப் பதினைந்தில் நான்கு மட்டும் ஒரே புதுத் தேங்காய்க் கயிற்றில், ஒரே கையின் முடிச்சில் இருந்தன. கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகி இடப்பக்கம் இழுக்கிற முடிச்சு. வண்டியில் மூட்டை ஏற்றும்போது மச்சான் போடுகிற முடிச்சு அது. பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். நிமிர்ந்தேன். மச்சான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகளைத் திரும்ப உள்ளே போடச் சொல்லி, அதிகாரி அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். கண்டதை விவரித்து மகஜர் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"நான் நாளைக்குக் காலையில திருநெல்வேலிக்குப் போறேன். இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள விடுதிக்கு வந்து எழுத்துமூலமா வாக்குமூலம் கொடுங்க. பள்ளிவாசல் அரிசின்னா பள்ளிவாசல் சார்புல பொறுப்பானவங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும். இல்லேன்னா பதினஞ்சும் பதுக்கல். லைசென்ஸ் போகும்; அதோட நிக்காது, கேஸும் வரும். அரிசி மொத்தமும் ரேஷன் கடைக்குப் போகும்."

ரமலான் பிறைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருடம் இன்னொரு மூட்டை அரிசியை எங்கே போய்க் கேட்பது?

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன். மச்சான் அடுக்களைக்குப் பின்னால், நெல் ஊறவைக்கிற தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். தங்கை உள்ளே இருந்தாள். நான் சாப்பிடவில்லை.

"நாலு மூட்டை உங்க கட்டு," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழம மத்தியானம் கடை வழியாத் தெறந்து வச்சேன், சாவி எங்கிட்டயும் இருக்கே. அங்கன யாரும் எண்ண மாட்டாகளே. பொங்கல் கழிச்சு எடுத்துருவேன். ஒங்களுக்குத் தெரியவே போவுதில்லன்னு நெனச்சேன்."

"அரிசி எங்க வாங்குனது?"

"வாசுதேவநல்லூர்ல. விலை கூடக் கொடுத்துத்தான். பலகை விலைக்கு வித்தா நட்டம் மச்சான். யாரு தலையில போட? நீங்கதான தினமும் சொல்லுதீக, சர்க்கார் விலை வெறும் காயிதம், நெசமான விலைய அல்லாதான் வைக்கான்னு. அவன் வைக்கட்டும்னுதான் அவன் வீட்டு அரிசியோட சேத்து வச்சேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குக் கை ஓங்க வந்தது. தங்கை கதவருகே வந்து நின்றதால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன காட்டிக் கொடுக்கப் போறீகளா?" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தேன். "என் கிட்டங்கிப் பின்னறையில் இருந்த" என்று எழுதி, எண் வரவேண்டிய இடத்தில் நின்றேன். மூன்று தாள் அப்படியே கிழிந்தது.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் முத்தவல்லியையும் ஆலிம்சாவையும் பார்த்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி தோல் வியாபாரி, பேச்சை இழுக்காதவர். நடந்ததை, மச்சானின் நான்கு மூட்டைகள் உட்பட, அப்படியே சொன்னேன். முத்தவல்லி உடனே ஒரு வழி சொன்னார்.

"இதுல என்ன இருக்கு? பதினஞ்சும் பள்ளிக்குன்னு எழுதும். நான் ஒரு கையெழுத்து, ஆலிம்சா ஒரு கையெழுத்து. உம்ம மச்சானக் கூப்பிட்டு, அந்த நாலையும் பள்ளிக்கு நேர்ச்சையாக் கொடுத்துட்டேன்னு இப்ப சொல்லச் சொல்லும். பொய்யும் இல்ல, கேஸும் இல்ல. கஞ்சிக்கு நாலு மூட்டை கூடக் கெடைக்கி. சர்க்காருக்கும் நட்டமில்ல."

அதில் ஓட்டை இருப்பதாக எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. உண்மையில் எனக்கு மூச்சு வந்தது. எழுந்து மச்சானைக் கூப்பிடப் போகிற அளவுக்குப் போய்விட்டேன்.

ஆலிம்சாவின் பக்கம் திரும்பினேன். நான் கேட்டேன்: "நீங்க போடுவீகளா?"

"போடுவேன்," என்றார். "நான் அந்த அறைய எட்டிப் பாத்ததில்ல. எத்தனைன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுத எண்ணுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுதேன். பதினஞ்சும் முத்திரை வைக்கையில பள்ளி அரிசிதானா? சொல்லுங்க. சொன்னாப் போடுதேன்."

"இப்ப கொடுத்தா இப்பருந்து பள்ளி அரிசிதானவே!" என்றார் முத்தவல்லி.

"இப்ப கொடுத்தா இப்பருந்து. அந்த ஆபீசர் கேக்கது காலையிலத்த."

முத்தவல்லிக்குக் கோபம் வந்தது. "நீரு ஒம்ம ஓதலப் பாரும்வே. கஞ்சி இல்லாமப் போனா சனம் என்னய வந்து கேக்கும், ஒம்ம இல்ல. அந்த நாலச் சொன்னா ஆபீசர் மீதிப் பதினொன்ன மட்டும் நம்புவான்னா நெனைக்கீக? எல்லாம் போயிரும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. நான்கைச் சொன்னால் பதினொன்றும் போகலாம், கடை போகலாம், தங்கையின் குடித்தனம் போகலாம். சொல்லாமல் விட்டால் எல்லாம் நிற்கும், கஞ்சியில் நாலு மூட்டை கூடுதலாகவே இருக்கும். தவறு என்பது ஒரு எண் மட்டும்.

விலையை அல்லாஹ் வைக்கிறான் என்று நான் இத்தனை நாள் பேசியது, சர்க்கார் நடுவில் வரக்கூடாது என்பதற்காக. அவன் வைக்கிற விலைக்காக அவனுடைய அறைக்குள்ளேயே அரிசியை ஒளித்து வைத்துக் காத்திருக்கலாம் என்று என் வீட்டு ஆள் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படிப் புரிந்துகொள்ளும்படி கடையில் உட்கார்ந்து தினமும் பேசியது நான்தான். சட்டம் தவறானது என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நான்கு மூட்டைகளுக்கு அது பதில் அல்ல.

"பதினொன்னு," என்றேன். மீதி நான்கு என் கடைச் சரக்கு என்றும் சேர்த்துத் தாளில் எழுதினேன்.

ஆலிம்சா தாளை வாங்கி, எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்தவல்லி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "உம்ம கடைய நீரே பூட்டுதீரு," என்று சொல்லிக்கொண்டே அவரும் போட்டார்.

ஐந்து ஐம்பது பஸ்ஸில் குற்றாலத்துக்குப் போனேன். வழியிலேயே தூறல் பிடித்தது. பொழுது அடைந்ததும் மஃரிபை விடுதி வராந்தாவின் ஓரத்தில் தொழுதேன். காவலாளி ஒரு பாய் கொடுத்தார். அருவிச் சத்தம் அங்கே வரை கேட்டது. அதிகாரி கோயிலுக்குப் போய்விட்டு ஈரத் துண்டோடு வந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன். வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார்.

"பதினொண்ணு பள்ளிவாசல் அரிசி. நாலு உங்க கடைச் சரக்கு, அறிக்கையில விட்டது."

"ஆமா சார்."

"பதினஞ்சும் பள்ளிவாசல்னு எழுதிக் கொண்டு வருவீங்கன்னு நினைச்சேன். அப்படித்தான் எல்லாரும் எழுதுவாங்க. போன வாரம் ஒருத்தர் அரிசி ஆலையில இருந்ததெல்லாம் பிள்ளையாருக்குப் படைக்கன்னு எழுதினார். நூத்தி நாப்பது மூட்டை. பிள்ளையாருக்கே பயம் வந்திருக்கும்." சிரிக்காமல்தான் சொன்னார். "பதினொண்ணு கொடுத்தவங்க பேரு?"

"கேக்குறதில்ல சார்."

"ஒருத்தர் பேருகூடத் தெரியாது?"

இலத்தூர்க்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. சர்க்காருக்குக் கொடுக்கவேண்டிய நெல்லை அளந்து முடிக்கும் முன்பே நேர்ச்சைக்கு அரிசி எடுத்தார் என்று நாளை அவர் வாசலில் ஜீப் நிற்கும்.

"கேக்குறதில்ல," என்று மறுபடி சொன்னேன்.

"சரி, அந்த நாலு யார் வச்சது?"

"கடை என்னுது சார். லைசென்ஸ் என் பேர்ல."

"நான் கேட்டது அது இல்ல."

"நான் எழுதியிருக்கது அதுதான் சார்."

அவர் பேனாவை மூடி, மேஜை மேல் நேராக வைத்தார். வெளியே மழை கூடியது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம், ஆறு ஐம்பத்தைந்து. 

"பதினொண்ணையும் நாலையும் எப்படிப் பிரிப்பீங்க? மூட்டை எல்லாம் ஒண்ணாத்தானே கிடக்கு?"

முடிச்சைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக் கட்டும் வேறு, நான்கு மட்டும் ஒரே கட்டு. அவர் மகஜர் நகலைப் புரட்டிப் பார்த்தார். மகஜர் எழுதும்போதே கட்டுகளின் விவரத்தையும் அதில் சேர்த்திருந்தார்: "புதுக் கயிறு, நான்கு."

"நான் அரிசியைத்தான் எழுதணும், யார் சாமிக்குன்னு எழுத எனக்குப் படிவத்துல இடம் இல்ல," என்றார் கடைசியில். "மூணு பேர் கையெழுத்து ஒரு எண்ணைச் சொல்லுது. அந்த எண் உங்களுக்கே பாதகமா இருக்கு. அதனால நம்புறேன். நாலு பறிமுதல். லைசென்ஸ் கலெக்டர் உத்தரவு வர்ற வரைக்கும் நிறுத்திவைக்கிறேன். எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது. காலையில ஆறே முக்காலுக்கு பியூன் வந்து முத்திரையை உடைப்பான். எட்டு மணிக்குள்ள அந்தப் பதினொண்ணும் உங்க கிட்டங்கியில இருக்கக்கூடாது. இருந்தா அதுவும் உங்க சரக்குதான்."

லைசென்ஸை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன். அவர் ரசீது எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, "கடையை மூடிட்டா நாளைக்கு அந்த வரிசை எங்க போகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டினாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று தெரியவில்லை. ரேஷன் கடைக்கு என்றேன். அங்கே எவ்வளவு அரிசி இருக்கிறது என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் வாசலில் நின்றார். இரண்டு வரியில் சொன்னேன்: உங்கள் பெயரை எழுதவில்லை; கடை மூடல்; காலையில் மூட்டைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். தங்கை உள்ளே அழுவது கேட்டது. எதற்காக என்று நான் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அன்றைய மழையை எழுதினேன்; நேரங்களை எழுதினேன்; பதினொன்று என்று எழுதிய இடத்துக்குக் கீழே நான்கு என்று எழுதிப் படுத்தேன்.

மறுநாள் சுபுஹு முடிந்ததும் முதல் வேலையாகக் கைவண்டி ஒன்றை இரவல் வாங்கி, கிட்டங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மச்சான் எனக்கு முன்பே வந்து சந்துக் கதவருகில் நின்றார். பியூன் சொன்ன நேரத்துக்கு வந்து முத்திரையை உடைத்தார். புதுக் கயிறு கட்டிய நான்கையும் அவர் ஒரு பக்கமாக ஒதுக்கச் சொன்னார், மச்சானே ஒதுக்கினார். மற்றதில் நான்கை வண்டியில் ஏற்றினோம். நான் முன்னால் இழுத்தேன். அவர் பின்னால் தள்ளினார்.

பள்ளிவாசலுக்குப் போக ரேஷன் கடையைத் தாண்ட வேண்டும். முந்தின நாள் என் கடை வாசலில் நின்றவர்களில் பலர் அங்கே நின்றார்கள். கடை திறக்கவில்லை. வரிசை தெரு முனை வரை வந்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏலே, பாருங்கலே! பதுக்குன அரிசி ஊர்கோலம் போவுது!"

"நேத்து நமக்கு இல்லன்னாரே, இதுக்கு ராத்திரி குட்டி போட்டிருக்கு போல!"

"மெதுவாத் தள்ளும் பாய், வெள்ளனையே இடுப்பு புடிச்சுக்கிடும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கை மூட்டையைத் தொட்டுப் பார்த்தது. இன்னொரு ஆள் வண்டிக்குக் குறுக்கே ஒரு எட்டு வைத்தான். மச்சான் எதற்கும் உடனே பதில் வைத்திருப்பவர். அவர் தள்ளுவதை நிறுத்தியது வண்டியின் கனத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துவிட்டிருந்தார். பதுக்கியது நான்தான் என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் அவர் பெயரை எழுதாமல் குற்றாலத்தில் நான் கொடுத்த தாள் வீணாகிவிடும்.

"தள்ளுங்க மச்சான்," என்றேன்.

குறுக்கே நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டு விலகினான். உள்ளே வைக்க இடம் இல்லாததால் நான்கு மூட்டைகளையும் பள்ளிவாசல் திண்ணையில் இறக்கினோம். மணி ஏழு பத்து. கிட்டங்கியில் இன்னும் ஏழு மூட்டை இருந்தது. வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு, அதே வரிசையைத் தாண்டித் திரும்பவும் போனோம்.